கால்கரிக்கு எம்புட்டு நேரம்

மதுரையிலிருந்து கால்கரிக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று நான் கேட்டதால் என் கல்யாணம் ஒன்று நின்றுபோனது. எங்கள் சொந்தக்காரர்கள் இதை இப்படிச் சொல்ல மாட்டார்கள். பெண் பார்க்க வந்தவர்களை வீட்டுக்குள் உட்காரவைத்து அவமானப்படுத்தி அனுப்பியவள் என்பார்கள். நல்ல நாளில் சாவுப் பேச்சை எடுத்தவள் என்பார்கள். இத்தனை வருஷமும் அதைக் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தேன். நடந்ததை நடந்தபடி ஒருதரம் சொல்லிவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது. யாரையும் மன்னித்துவிட்டு இதைச் சொல்லவில்லை.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. வீடு வில்லாபுரத்தில். அப்பா பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தல்லாகுளத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் மனுக்கள் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அம்மாவுக்கு வீசிங். மழைக்காலம் வந்தால் இன்ஹேலரைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருப்பார். அதற்கு முந்தின மார்கழியில் மூச்சு சுத்தமாக அடைத்துப்போய், ஆட்டோவில் என் மடியில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உதடு நீலம் பாரித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி. செக்கானூரணியில் உரக்கடை வைத்திருக்கிறார். பக்கத்துக் கிராமத்தில் ஒரு குடும்பம், தோப்பும் வயலுமாக நல்ல வசதி, பையன் கனடாவில் கால்கரி என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை, அப்பா இல்லை, அம்மா மட்டும்தான் என்று சொன்னார். எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அதை எனக்கு நினைவுபடுத்தும் வேலையைச் சித்தப்பா பல வருஷமாகச் செய்துவந்தார். இந்தச் சம்பந்தம் அமைந்தால் ஊருக்குள் தன் மரியாதை கூடும் என்பதும் அவர் பேச்சில் தெரிந்தது. பேசி முடிப்பதற்கு முன்பே கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கனடாக்காரர் எங்களுக்குச் சம்பந்தி ஆகப்போகிறார் என்று சொல்லி வைத்திருந்தார்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டோ பார்த்தேன். பனிக்கு நடுவில் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு, வெயில் கூசி ஒரு கண்ணை மூடிச் சிரித்தபடி நின்றார். பிடித்துத்தான் இருந்தது.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள், ஆபீசில் வேலை ஓய்ந்த நேரத்தில், போனில் மதுரையையும் கால்கரியையும் போட்டுப் பார்த்தேன். நேர்கோட்டில் பதின்மூவாயிரம் கிலோமீட்டர் என்று வந்தது. நேராகப் போகும் விமானம் கிடையாது. மதுரையிலிருந்து துபாய், அங்கிருந்து ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊர், அங்கிருந்து கால்கரி. இடையில் காத்திருப்பதெல்லாம் சேர்த்து ஒன்றேகால் நாள். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போன பத்து நிமிஷம்தான் மனதில் ஓடியது. அம்மாவுக்கு இன்னொரு முறை அப்படி வந்தால், ஏதோ ஊர் ஏர்போர்ட்டில் நான் கண்ணாடிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். ஆனாலும் ஒன்றேகால் நாள் என்பது ஒரேயடியாக எட்டாத தூரமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். அங்கே போனபிறகு, அவசரம் என்றால் என்னை அனுப்புவீர்களா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரில் வந்தார்கள். பையனின் அம்மா, உறவில் இரண்டு பெண்கள், காரை ஓட்டிவந்த பெரியப்பா மகன். அந்தப் பெரியப்பா மகனுக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி, கையில் கார் சாவி. பையனுக்கு அண்ணன் முறை. வாசலிலேயே நின்று, வீட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கடைசியாக உள்ளே வந்தார்.

பையனின் அம்மா உயரமானவர். நெற்றியில் ஒன்றும் இல்லை. கரும்பச்சைச் சேலை. தாலி இழந்தவர்கள் பெண் பார்க்க முன்னால் வரக்கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அவர் அதையெல்லாம் சட்டை செய்யாமல் முதல் ஆளாகப் படியேறி வந்து, அம்மாவின் கையைப் பிடித்து, "மதினி, ஒடம்புக்கு இப்ப தேவலையா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கணம் அவரைப் பிடித்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். தட்டில் இருந்த வாழைப்பழச் சீப்பில் போனைச் சாய்த்து வைத்தார்கள். அங்கே ராத்திரி. பின்னால் ஒரு மேஜை விளக்கு எரிந்தது. வணக்கம் சொன்னார், அப்பாவிடம் பேசினார், என்னிடம் என்ன படித்தேன் என்று கேட்டார். அவர் அம்மா பூப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். சித்தப்பா முகமெல்லாம் சிரிப்பு. பொண்ணு ஏதாவது கேக்கணும்னா கேக்கட்டும் என்று பெருந்தன்மையாகச் சொன்னதும் அவர்தான்.

நான் மாப்பிள்ளையைக் கேட்கவில்லை. அம்மாவின் உடம்பை விசாரித்தவர் என்பதால் அவர் அம்மாவிடம்தான் கேட்டேன்.

"அத்தை, அங்கயிருந்து இங்க வர்றதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? அம்மாவுக்கு ஒண்ணுன்னா நான் ஒடனே வரணும்ல, அதான்."

உறவுக்காரப் பெண்களில் ஒருத்தி நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு என்று முணுமுணுத்தாள். சித்தப்பா இருமினார். அந்த அம்மா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மடியிலிருந்த பூவைச் சரிசெய்துகொண்டே பதில் சொன்னார்.

"மூணு நாளு ஆத்தா. லேசுப்பட்ட தூரமா அது?"

"மூணு நாளா? நேத்து போன்ல பாத்தேன் அத்தை. ஒண்ணேகால் நாளுதான் போட்டிருந்துச்சு."

நான் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவர்கள் நினைத்திருப்பதைவிட மகன் பக்கத்தில் இருக்கிறான் என்றால் எந்த அம்மாவும் மகிழ்ச்சிதான் அடைவாள் என்று எண்ணினேன்.

"போன்ல என்னத்தையாவது போடுவான்" என்றார் அவர். குரல் லேசாக மாறியிருந்தது. "எம்புள்ள சொன்னது அது. அவுக அப்பா செத்தப்ப, வந்துசேர மூணு நாளாகும், அதுவரைக்கும் வச்சிருக்காதீகன்னு சொன்னான். அதான், இந்தா இவன் மொட்டையடிச்சுக் கொள்ளி வச்சான்." பக்கத்தில் இருந்த பெரியப்பா மகனைக் கையால் காட்டினார்.

சித்தப்பா எங்களிடம் அப்பா இல்லாத பையன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். அப்பன் சாவுக்கு மகன் வரவில்லை என்பது அந்த நிமிஷம் வரை எங்களுக்குத் தெரியாது. நான் கால் வைத்த இடம் எது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடனே பின்வாங்கினேன். நான்தான் தப்பாகப் பார்த்திருப்பேன், வேறு ஏதாவது ஊராக இருக்கும் என்று சொன்னேன். போனில் இருந்த முகத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளை என்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் பெரியப்பா மகன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். தன் போனை எடுத்து நிதானமாகத் தட்டினார். யாரும் அவரைப் பார்க்கச் சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தப் பிள்ள சொல்றது சரிதான் சித்தி. இருபத்தொம்பது மணி நேரம். இன்னொண்ணு முப்பத்தொண்ணு. மூணு நாளுன்னு எதுலயும் இல்ல."

கண்ணாடியைக் கழற்றி மடித்தார். அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. "எங்க சித்தப்பா வியாழக்கிழம விடியக்காலைல செத்தாரு. எங்க அக்கா பம்பாயிலருந்து வரட்டும்னு வெள்ளிக்கிழம பொழுதுசாயத்தான எடுத்தோம். வந்துருக்கலாமே."

அந்த அம்மா போனை நோக்கிக் குனிந்தார்.

"தம்பி, அண்ணன் சொல்றது நெசமா?"

மாப்பிள்ளை அந்த விமானம் எல்லாம் இப்போது புதிதாக விட்டது, அப்போது கிடையாது என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்து, இது இப்போது பேசுகிற விஷயமா என்று கேட்டார். அடுத்த நொடி படம் நின்றுவிட்டது. சிக்னல் போய்விட்டது என்று சித்தப்பா வேகமாகச் சொன்னார். அந்த அம்மா போனை எடுத்துப் பெரியப்பா மகனிடம் நீட்டினார். அவர் திரும்ப அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை அழைத்தார். எடுக்கவில்லை.

அந்த அம்மா எழுந்தார். மடியிலிருந்த பூவைப் பொட்டலத்தில் வைத்து மடித்தார். எங்கள் அம்மா மதினி, மதினி என்று கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. கதவருகே போய்த் திரும்பி என்னைப் பார்த்தார். மகன்மேல் வரவேண்டிய கோபம் முழுக்க என்மேல் வந்து நின்றது.

"வாழப்போற ஊருக்கு வழி கேக்காம, திரும்பி வர்ற வழியக் கேக்குறா. இவ நமக்கு வேணாம்."

பூவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பழங்கள் தட்டிலேயே இருந்தன. கேசரியை யாரும் தொடவில்லை.

கார் தெருமுனை திரும்புவதற்குள் சித்தப்பா ஆரம்பித்தார். ஒருநாள், ஒரே ஒருநாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லையா, கோர்ட்டுப் பக்கம் வேலைக்கு அனுப்பினால் இப்படித்தான் குறுக்குக் கேள்வி கேட்பாள் என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினார். நான் கேட்டதில் என்ன தப்பு, உங்களுக்குத் தெரிந்ததை எங்களிடம் ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா அன்று முழுவதும் என்னிடம் பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை நான் வைத்தால் நகர்த்தி வைத்துவிட்டு, அம்மா வைத்தால் சாப்பிட்டார்.

எனக்காகப் பேச ஒருவராவது இருப்பார் என்றால் அது அம்மாதான் என்று நம்பியிருந்தேன். அம்மா சமையல்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அருகே போய் உட்கார்ந்தபோது என் கையைத் தட்டிவிட்டார்.

"சபையில என்னைய சாகப்போறவளா காமிச்சுட்ட. நான் ஒன்னைய வரச் சொல்லிக் கேட்டனா?"

அந்த வார்த்தை சித்தப்பா பேசியதை எல்லாம்விட அதிகமாகச் சுட்டது. நானும் கோபத்தில், இனிமேல் உங்களுக்கு எது வந்தாலும் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவந்தேன்.

பேச்சு பரவியது. திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு சம்பந்தம், எந்த வீடு என்று தெரிந்ததும் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தது. சித்தப்பாவின் மனைவியை ஒருநாள் கோரிப்பாளையம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். என்னைக் கண்டதும், அவர் ஊருக்குப் போகாத ஒரு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

ஒருநாள் சாயங்காலம் ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டியை எடுக்கும்போது வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. மாப்பிள்ளையாக வந்தவர்தான். நம்பரைச் சித்தப்பா கொடுத்திருக்கிறார். என் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை.

"எங்க அண்ணன் ஒங்ககிட்ட முன்னாடியே பேசிட்டாரா?" என்று கேட்டார்.

அந்த மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்றேன். நம்பவில்லை. தோப்பின்மேல் அண்ணனுக்கு ரொம்ப நாளாகக் கண், அம்மாவுக்கும் தனக்கும் எப்போது மனக்கசப்பு வரும் என்று காத்திருந்தவர், நீங்கள்தான் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டீர்கள் என்றார். பேசப் பேசக் குரல் ஏறியது. நானும் விடவில்லை. என்மேல் பழி போடுவதிருக்கட்டும், நீங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

ஏறிய குரல் இறங்கியது. பிறகு சொன்னார். லீவு கிடைத்திருந்தது. டிக்கெட்டும் இருந்தது. கம்ப்யூட்டரில் அதைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். வாங்கும் பட்டனை அழுத்தவில்லை. சின்ன வயதில் அவருடைய அப்பா அவரைத் தென்னை மரத்தில் கட்டிவைத்து அடிப்பாராம். ஊரே பார்க்கும், யாரும் அவிழ்த்துவிட மாட்டார்கள். அந்த ஆளுக்கு நான் எதற்குக் கொள்ளி வைக்க வேண்டும் என்றார்.

"இத எங்க அம்மாட்ட சொல்ல முடியுமா? அதுனால தூரத்து மேல பழியப் போட்டேன். தூரத்து மேல போட்டா யாருக்கு என்ன நட்டம்?"

அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. ஸ்கூட்டி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த இரக்கத்தை அவரே கெடுத்தார். அம்மா போனை எடுப்பதில்லையாம். நான் ஊருக்குப் போய் அந்த அம்மாவைப் பார்த்து, போனில் தப்பாகப் பார்த்துவிட்டேன், விசாரித்தபோது மூன்று நாள்தான் என்று சொன்னார்கள் என்று சொல்ல வேண்டுமாம். மன்னிப்பும் கேட்க வேண்டுமாம். நீங்கள் கெடுத்ததை நீங்களே சரிசெய்யுங்கள் என்றார்.

"ஒங்க பொய்ய நீங்களே தூக்கிச் சுமங்க" என்றேன். "நான் வந்து தோள் குடுக்க மாட்டேன்."

உங்களை மாதிரி ஆளுக்குக் கல்யாணமே நடக்காது என்று சொன்னார். நான் இணைப்பைத் துண்டித்து நம்பரையும் தடுத்துவிட்டேன். பிறகு வண்டியை எடுத்தேன்.

ஆனாலும் போனேன். அவர் சொன்னதற்காக இல்லை. அந்த அம்மா என்னைத் திட்டமிட்டுச் செய்தவள் என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடாது என்பதற்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் சொல்லாமல், நாகமலை தாண்டி, செக்கானூரணி தாண்டி, உள்ளே போகும் ரோட்டில் விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்கு முன்னால் சாக்கு விரித்து நிலக்கடலை காயப்போட்டிருந்தது. அந்த அம்மா குந்தி உட்கார்ந்து கல்லும் மண்ணும் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்தது. மறுபடியும் குனிந்துகொண்டார்.

வெயிலில் நின்றபடியே சொன்னேன். உங்கள் வீட்டு விஷயம் எதுவும் எனக்குத் தெரியாது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால்தான் கேட்டேன், அன்று கார் ஓட்டிவந்த அண்ணனோடு எனக்குப் பேச்சே கிடையாது என்றேன். அவர் கடலையைத் துழாவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பலாம் என்று திரும்பியபோதுதான் வாயைத் திறந்தார்.

"மூணு நாளுன்னு நான் நம்புனேன்னா நெனச்ச?"

நான் நின்றேன்.

"அடுத்த தெருப் பையன் ஆஸ்திரேலியாவுல இருக்கான். கல்யாணத்துக்கு வாரேன்னு சொன்ன மறுநா ராத்திரி வந்து நிக்கிறான். நான் என்ன கூறு கெட்டவளா? கேட்டாத் தெரிஞ்சிரும்னுதான் மூணு வருசமா ஒருத்தர்ட்டயும் கேக்காம இருந்தேன். நீ கேட்டுட்ட."

சொன்னது பொய்யில்லையே அத்தை என்று மட்டும் சொன்னேன்.

"நீ சொன்னது நெசந்தான். அதுக்காக ஒன்னைய உள்ள கூப்புட்டு உக்கார வைக்கணுமா? போ."

தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எதிரி வீட்டுக்குப் போனாலும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள். நான் வண்டியைத் திருப்பும்போது, தோப்பு வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மகன் நின்றுகொண்டிருந்தார். மோட்டார் ரூம் நிழலில் நின்று, என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். தெரிந்தவர்களுக்குக் காட்டுவதுபோல. நான் பார்க்காததுபோல வந்துவிட்டேன். நாகமலை வரும்வரை அழுதேன். ஹெல்மெட் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் அந்த அம்மா தோப்பைப் பெரியப்பா மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். மகன் வந்தானா, தடுத்தானா என்பது எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

தை பிறந்த சமயம், ஒரு காலையில் பெரியப்பா மகன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு சாக்கு நிறையத் தேங்காய். அப்பா அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார். அவர் சுற்றிவளைக்கவில்லை. தன் மனைவியின் தம்பி ஒருத்தன் இருக்கிறான், அவனியாபுரத்தில் லேத் பட்டறை, முதல் மனைவி விட்டுப் போய்விட்டாள், குழந்தை கிடையாது, எங்களுக்குச் சம்மதமானால் பேசலாம் என்றார். மாப்பிள்ளை உள்ளூர்தான், ஆத்தாளுக்கு முடியவில்லை என்றால் சைக்கிளிலேயே வந்துவிடலாம் என்று சொல்லிச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. பட்டறை சொந்தமா, வாடகையா என்று விசாரித்தார். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளேயிருந்து வந்து, உங்களை யார் இங்கே வரச் சொன்னது என்று கேட்டேன்.

"என்ன பாப்பா இப்படிக் கேக்குற? ஒன்னாலதான எனக்கு நல்லது நடந்துச்சு. நன்றி மறக்கலாமா?"

நான் சாக்கைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தெருவில், அவர் கார் டயருக்கு முன்னால் போட்டேன். இரண்டு தேங்காய் உருண்டு சாக்கடை ஓரம் போனது. எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அவர் அவசரப்படாமல் எழுந்து வந்து, உருண்டதையும் பொறுக்கிச் சாக்கில் போட்டு, டிக்கியில் ஏற்றிக்கொண்டு, அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். அப்பா நடுவீட்டில் நின்று கத்த ஆரம்பித்தார். வந்த மனிதரை விரட்டுவதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது என்றார். அப்போது அம்மா சமையல்கட்டிலிருந்து வந்து, அவன் கொண்டுவந்த தேங்காயை நான் உடைக்க மாட்டேன், அவள் செய்தது சரி என்றார். மூச்சு இரைத்துக்கொண்டே சொன்னார். பெண் பார்த்த நாளுக்குப் பிறகு அம்மா எனக்காகப் பேசியது அன்றுதான். ஆனால் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. நான் இன்னும் தல்லாகுளத்தில்தான் வேலை பார்க்கிறேன். கல்யாணம் ஆகவில்லை. அதற்குக் கால்கரி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணங்களில் அதுவும் ஒன்று.

போன ஆவணியில் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். படி மிதிக்க மாட்டேன் என்றவர் தாம்பூலத் தட்டோடு வந்தார். அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து அழைத்தார். போகும்போது, என் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி, அந்தம்மாவும் வரும், நீ வந்தால் மண்டபத்தில் ஒரு மாதிரி இருக்கும், பார்த்துக்கொள் என்றார். எனக்கு அழைப்பு அவ்வளவுதான்.

நான் போனேன். இருப்பதில் நல்ல பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, மல்லிகை வைத்துக்கொண்டு, முகூர்த்தத்துக்கு முன்பே போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். அந்த அம்மா வந்தார். முன்பைவிட மெலிந்திருந்தார், உயரம் மட்டும் குறையவில்லை. என் வரிசையில் இடம் இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, நின்று யோசிக்காமல், நேராகப் பின்னால் போய்விட்டார். மகன் கூட இல்லை. பெரியப்பா மகன்தான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தார். சித்தப்பா மேடையிலிருந்து என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பந்தியில் கூட்டம். என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்த இடத்துக்கு நேர் எதிர் வரிசையில், அவர்களுக்கும் வேறு இடம் கிடைக்காமல், அந்த அம்மாவை உட்காரவைத்தார்கள். இலைக்கு இலை, முகத்துக்கு முகம். சோறு பரிமாறிக்கொண்டு வந்த பையன்கள் எங்களுக்கு நடுவில் போய்வந்துகொண்டிருந்தார்கள். சுற்றியிருந்த சொந்தக்காரப் பெண்கள் சாப்பிடாமல் எங்களையே கவனிப்பது தெரிந்தது. இரண்டு பேரில் ஒருத்தி எழுந்துபோவாள் என்று காத்திருந்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. சாம்பார், ரசம், மோர் எல்லாம் வாங்கி, பாயசம் வரைக்கும் ஒரு பருக்கை விடாமல் இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம். அவர் இலையை மடக்கினார். நான் என் இலையை மடக்கிவிட்டுக் கைகழுவப் போனேன்.